மூலநிரலிலிருந்து மென்பொருள் கட்டமைத்தலில் பல தொகுப்பிப் பதிப்புகளின் மேலாண்மை

ஆய்வுச்சுருக்கம்

ஒரே கணினியில் பல தொகுப்பிப் (கம்பைலர்) பதிப்புகள் இருக்கையில் எழும் சிக்கல்களையும் அவற்றைக் களையும் முறைகளையும் ஜிசிசி தொகுப்பியைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: தொகுப்பி, மூலநிரல், நிரலகம், இணைப்பி, ஜிசிசி

முன்னுரை

மூலநிரலை எந்திரமொழியாக மாற்றுவது தொகுப்பி. ஆய்வு மென்பொருள்கள் பலவும் அவை எழுதப்பட்ட காலத்துத் தொகுப்பியைக் கருத்திற்கொண்டே அமைந்துள்ளன. எனவே புதிய பதிப்பை நிறுவும்போது பழையதைக் கைவிட இயலாத நிலை ஏற்படுகின்றது.

பதிப்பு மாற்றத்தின் விளைவுகள்

சி மொழியில் தொடக்க மதிப்பில்லாத ஒரே பொதுமாறியைப் பல கோப்புகள் வரையறுத்தால், முந்தைய ஜிசிசி பதிப்புகள் அவற்றை ஒன்றாகக் கொண்டன. 2020இல் வெளிவந்த பதிப்பு 10 இயல்புநிலையில் இதனை ஏற்பதில்லை. இணைப்பி பிழை காட்டும். மாறியை ஒரு கோப்பில் மட்டும் வரையறுத்து, ஏனையவற்றில் அறிவிப்பதே உரிய தீர்வாகும்.

2015இல் வெளிவந்த பதிப்பு 5இன் மாற்றம் இதனினும் நுட்பமானது. பல சரங்கள் ஒரே நினைவகப் பகுதியைப் பகிர்ந்து, மாற்றம் நேரும்போது மட்டும் நகலெடுக்கும் முறையை சி++11 தரம் விலக்கியது. அதற்கேற்பச் சர வகை புதிதாக அமைக்கப்பட்டது. பழைய நிரல்கள் தொடர்ந்து இயங்கும்பொருட்டு, இரு வடிவங்களும் வெவ்வேறு உட்பெயர்களுடன் நிரலகத்தில் வைக்கப்பட்டன. ஆயினும் பழைய வடிவில் தொகுத்த நிரலகத்தின் சரம் ஏற்கும் சார்பைப் புதிய வடிவில் தொகுத்த நிரல் அழைத்தால், உட்பெயர் பொருந்தாமல் இணைப்பு தோல்வியுறும். எல்லாப் பகுதிகளையும் ஒரே வடிவில் தொகுத்தல் வேண்டும்.

மேலாண்மை முறைகள்

முதலாவதாக, ஒவ்வொரு பதிப்பையும் தனி அடைவில் நிறுவுதல் நன்று. இரண்டாவதாக, கணினி முழுமைக்குமான இயல்புநிலைத் தொகுப்பியை மாற்றுவது பிற பயனரையும் பாதிக்கும். எனவே குறிப்பிட்ட கட்டமைப்புக்கு மட்டும் 'சிசி', 'சிஎக்ஸ்எக்ஸ்' ஆகிய சூழல் மாறிகளால் தொகுப்பியைச் சுட்டலாம். மூன்றாவதாக, சிமேக் கருவி முதன்முறை கண்ட தொகுப்பியைப் பதிந்துகொள்வதால், தொகுப்பியை மாற்றுவோர் புதிய கட்டமைப்பு அடைவில் தொடங்குதல் வேண்டும். நான்காவதாக, புதிய பதிப்பில் தொகுத்த சி++ நிரல் இயங்குகையில் பழைய நிரலகத்தைக் கண்டால் தொடங்காமலே நின்றுவிடக்கூடும். நிரலகம் பின்னோக்கிய பொருத்தம் உடையதாதலின், இயக்கத்திற்குப் புதிய பதிப்பின் நிரலகத்தையே வைத்தல் தகும்.

முடிவுரை

தொகுப்பியும் அதன் விருப்பத்தேர்வுகளும் மாறின், தசமக் கணக்கீட்டின் கடைசி இலக்கங்களும் மாறக்கூடும். ஆதலின் தொகுப்பியின் பெயர், பதிப்பு எண், விருப்பத்தேர்வுகள் ஆகியவற்றை ஆய்வேட்டில் பதிவுசெய்தல் முறையியலின் பகுதியாகும். அப்பதிவு இல்லையேல், மூலநிரல் கிடைத்தும் பிறர் அம்முடிவை மீளப்பெறுதல் அரிதாகும்.