அந்தி வேளையில் ஒரு மணித்தியாலம்

2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை மின்வெட்டு நடைமுறைப்படுத்தப்பட்டதை எவரும் மறந்திருக்க முடியாது. தொழில்களும் பிள்ளைகளின் கல்வியும் பாதிக்கப்பட்ட அந்நாட்கள் மீண்டும் வரக்கூடாது. எனினும், தொலைக்காட்சி அணைந்து, கையடக்கத் தொலைபேசிகளும் ஓய்ந்துபோன அந்த இரவுகளில், பல வீடுகளில் பெற்றோரும் பிள்ளைகளும் முற்றத்தில் ஒன்றாக அமர்ந்து பேசினர் என்பதும் உண்மையே. மின்சாரம் திரும்பியது; அந்தப் பேச்சு நின்றுபோனது.

இதற்குத் தனிமனிதரின் மனவுறுதிக் குறைவை மாத்திரம் காரணங்காட்டுவது பொருந்தாது. பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் உண்டு. வானொலிச் செய்திக்கும் முடிவு உண்டு. சமூக வலைத்தளத்துக்கோ முடிவே இல்லை. விரலால் தள்ளத் தள்ள அடுத்த பதிவு தானாகவே வந்து நிற்கும் முறையை 2006 ஆம் ஆண்டில் வடிவமைத்தவராக அறியப்படும் அமெரிக்கரான ஆஸா ரஸ்கின், பின்னர் அதற்காகப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். பார்ப்பவரின் நேரமே விளம்பர வருமானமாக மாறும் தொழிலில், நிறுத்துமிடம் இருப்பது இலாபகரமானதல்ல.

இரண்டு முதல் நான்கு வயது வரையான பிள்ளைகள் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரையின் முன் அமர்ந்திருக்கலாகாது என உலக சுகாதார ஸ்தாபனம் 2019 இல் அறிவுறுத்தியது. 16 வயதுக்குக் குறைந்தோர் பிரதான சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருப்பதை அவுஸ்திரேலியா 2025 டிசெம்பர் 10 முதல் தடை செய்தது. ஆனால், சாப்பாட்டு வேளையிலும் தொலைபேசியிலிருந்து கண்ணெடுக்காத தந்தையின் புத்திமதியை எந்தப் பிள்ளை கேட்கும்? சட்டத்தால் அந்த இடத்துக்கு வர முடியாது.

மத்திய கிழக்கில் உழைக்கும் தாயின் முகத்தையும் கனடாவில் வளரும் பேரப்பிள்ளையின் சிரிப்பையும் எமக்குக் காட்டுவது இதே திரைதான். எனவே அதனை முற்றாகத் துறப்பது சாத்தியமுமல்ல, அவசியமுமல்ல.

சைவ இல்லங்களில் விளக்கேற்றுவதும், முஸ்லிம் இல்லங்களில் மஃரிப் தொழுவதும், கத்தோலிக்க இல்லங்களில் ஜெபமாலை சொல்வதும் அந்தி வேளையை ஒட்டியே அமைந்துள்ளன. வெளியே சென்றோர் வீடு திரும்பும் அந்த வேளையைத் தொடர்ந்து ஒரு மணித்தியாலம், வீட்டிலுள்ள தொலைபேசிகள் அனைத்தும் ஓரிடத்தில் வைக்கப்படட்டும். முதலில் கொண்டுவந்து வைப்பவர் பெரியவராக இருக்கட்டும். அவசர அழைப்பு வந்தால் மணி ஒலிக்கத்தான் போகிறது.

பாடசாலையில் நடந்ததைப் பிள்ளை சொல்லத் தொடங்கும்போது, அதன் முகத்தைப் பார்த்துக் கேட்க வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். அதற்காக இன்னொரு மின்வெட்டு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.