காருக்கு ஒரு மாடி

நெடுஞ்சாலை ஓரங்களில் ‘வாட்டர் சர்வீஸ்’ என்று பலகை மாட்டிய இடங்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். கார் ஒன்று இரும்புச் சட்டத்தின் மேல் வந்து நிற்கும். ஊழியர் ஒரு கைப்பிடியைத் திருப்புவார். ‘உஸ்’ என்ற ஓசையுடன் தரைக்குள்ளிருந்து பளபளக்கும் எஃகுத் தூண் ஒன்று மெல்ல எழும்பும். அதன் தலையில் கார்! பிறகு அடியில் நின்றுகொண்டு சேறு போகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவார்கள்.

இத்தகைய தூக்கியை 1920களில் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் உருவாக்கியவர் பீட்டர் லுனாட்டி. முடிதிருத்தும் கடையின் நாற்காலி உயர்வதையும் தாழ்வதையும் பார்த்தே அவருக்கு இந்த எண்ணம் உதித்தது என்று சொல்லப்படுகிறது.

பட்டறைக்கென்று பிறந்த கருவி, பின்னாளில் அமெரிக்க வீடுகளின் கார் ஷெட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. பழுது பார்ப்பதற்காக மட்டும் அன்று, இடம் போதாமையால்தான். அந்நாட்டின் வட மாநிலங்களில் குளிர்காலத்தில் சாலையில் உறையும் பனியை உருக்க உப்பைத் தூவுகிறார்கள். உப்புநீர் பட்டால் காரின் அடிப்பாகம் துருப்பிடிக்கும். ஆகவே, பழைய கார் ஒன்றை ஆசையாக வைத்திருப்பவர் பனிக்காலம் முழுவதும் அதை வெளியே எடுப்பதில்லை. அந்தக் கார் ஷெட்டின் தரையை அடைத்துக்கொண்டு நிற்கும். அன்றாடம் ஓட்டும் காரை எங்கே விடுவது? தரையை நீட்ட முடியாது. ஆனால், நிற்கும் காரின் தலைக்கு மேலே காலி இடம் இருக்கிறதே! பழைய காரை மேலே தூக்கிவிட்டு, அதன் அடியில் புதிய காரை நிறுத்திவிடுகிறார்கள்.

இங்கே ஒரு கேள்வி. ஒன்றரை டன் எடையுள்ள கார் ஒன்று மாதக் கணக்கில் அந்தரத்தில் நிற்கிறது. அடியில் இன்னொரு கார். சில நேரம் அதைத் துடைத்துக்கொண்டு ஒரு மனிதர். மேலே உள்ள காரைத் தாங்கிக்கொண்டிருப்பது எது? “எண்ணெயின் அழுத்தம்” என்று நீங்கள் சொல்லக்கூடும். பாடப்புத்தகத்தில் பாஸ்கல் விதியைப் படித்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். சரிதானா என்று பார்ப்போம்.

வீட்டு ஷெட்டுக்கு ஏற்றது நான்கு தூண் தூக்கி. நான்கு மூலைகளில் நான்கு எஃகுத் தூண்கள். அவற்றுக்கிடையே ஏறி இறங்கும் ஒரு மேடை. மேடை என்றால் முழுப் பலகை அல்ல. இடப்பக்கச் சக்கரங்களுக்கு ஒன்றும் வலப்பக்கச் சக்கரங்களுக்கு ஒன்றுமாக இரண்டு நீண்ட எஃகுத் தட்டுகள். கார் தன் சக்கரங்களிலேயே நிற்கும். பட்டறைகளில் இருக்கும் இரண்டு தூண் தூக்கியோ கைகளை நீட்டிக் காரின் வயிற்றைப் பிடித்துத் தூக்குவது. சக்கரங்கள் தொங்கும். பழுது பார்க்க அது வசதி; மாதக் கணக்கில் நிறுத்திவைக்க நான்கு தூண்தான் நல்லது.

வாங்குமுன் ஒரு கூட்டல் கணக்கைப் போட்டாக வேண்டும். கீழே நிற்கும் காரின் உயரம் 145 செ.மீ. என்று கொள்வோம். அதற்கு மேல் இடைவெளி 15 செ.மீ. மேடையின் கனம் 12 செ.மீ. மேல் காரின் உயரம் இன்னொரு 145 செ.மீ. மொத்தம் 317 செ.மீ. அமெரிக்க வீடுகளில் ஷெட்டின் கூரை பெரும்பாலும் 8 அல்லது 9 அடி உயரத்தில் இருக்கும். 9 அடி என்பது 274 செ.மீ.தான். சாதாரணக் கார்கள் இரண்டை அங்கே அடுக்க முடியாது! 120 செ.மீ. உயரமுள்ள தாழ்வான பந்தயக் கார் வகை இரண்டு என்றால் 267 செ.மீ.; மயிரிழையில் தப்பும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்த நாட்டு ஷெட்டுக் கதவு மேல்நோக்கிச் சுருண்டு, கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடி நிற்கும். மேலே ஏறிய கார் அதில் இடிக்கும். ஆகவே தண்டவாளத்தைக் கூரையோடு ஒட்டி உயர்த்தி, கதவின் மோட்டாரைப் பக்கச் சுவருக்கு மாற்ற வேண்டும். தூக்கி வாங்கியவருக்குக் கதவுச் செலவும் சேர்ந்தே வரும்.

இனி தூக்கும் வேலைக்கு வருவோம். காரின் நிறை 1,500 கிலோகிராம். மேடை 500 கிலோகிராம். இரண்டின் எடையும் சேர்ந்து ஏறக்குறைய 20,000 நியூட்டன். இதை 1.6 மீட்டர் உயர்த்த வேண்டும். செய்யவேண்டிய வேலை 20,000 × 1.6 = 32,000 ஜூல். ஒரு குதிரைத்திறன் மோட்டார் விநாடிக்கு 746 ஜூல் வேலை செய்யும். வகுத்துப் பாருங்கள்: 43 விநாடிகள்! உராய்வில் வீணாவதையும் சேர்த்தால் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். மின்செலவு எவ்வளவு? ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 லட்சம் ஜூல். பாதி வீணாகிறது என்று வைத்துக்கொண்டாலும், ஒரு யூனிட்டில் இந்தக் காரை ஐம்பது தடவைக்கு மேல் மாடிக்கு ஏற்றலாம்.

மோட்டார் சிறிய பம்பு ஒன்றைச் சுழற்றுகிறது. பம்பு எண்ணெயை ஓர் உருளைக்குள் தள்ளுகிறது. உருளைக்குள் இருக்கும் பிஸ்டன் நகர்கிறது. இந்த உருளை மேடையின் ஒரு தட்டுக்கு அடியில் படுத்த நிலையில் இருக்கும். பிஸ்டனின் தண்டு நான்கு எஃகுக் கம்பிவடங்களை இழுக்கிறது. வடங்கள் கப்பிகளைச் சுற்றி நான்கு மூலைகளுக்கும் போய், தூண்களின் உச்சியில் கட்டப்பட்டிருக்கின்றன. பிஸ்டன் ஒரு சாண் இழுத்தால் நான்கு மூலைகளும் ஒரே சீராக ஒரு சாண் உயரும். ஒரே உருளை என்பதால் ஒரு மூலை முந்துவதும் மற்றொன்று பிந்துவதும் இல்லை.

பிஸ்டனில் எண்ணெய் அழுத்தும் பரப்பு 20 சதுர செ.மீ. என்று கொண்டால், ஒவ்வொரு சதுர செ.மீட்டரிலும் 1,000 நியூட்டன் விசை தேவை. நம்மைச் சூழ்ந்துள்ள காற்றழுத்தத்தைப் போல 100 மடங்கு! அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்பது பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் கண்டது. சிறு பரப்பில் கொடுக்கும் அழுத்தம் பெரும் பரப்பில் பெரும் விசையாகிறது.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். மருந்துக் கடையில் 2 மில்லிலிட்டர், 20 மில்லிலிட்டர் சிரிஞ்சுகளை ஊசியில்லாமல் புதிதாக வாங்குங்கள். மெல்லிய பிளாஸ்டிக் குழாயால் இரண்டையும் இணைத்து, காற்றுக் குமிழி இல்லாமல் நீர் நிரப்புங்கள். சிறியதை முழுதும் தள்ளினால் பெரியது எவ்வளவு நகர்கிறது? இரு நீளங்களையும் ஸ்கேலால் அளந்து வகுத்தால், விசை எத்தனை மடங்காகிறது என்பது கிடைத்துவிடும். பெரிய சிரிஞ்சை நண்பன் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்கட்டும். சிறியதை நீங்கள் ஒரு விரலால் தள்ளி அவனைத் தோற்கடிக்கலாம்.

பாஸ்கல் கண்ட தத்துவத்தைப் பயனுள்ள இயந்திரமாக்கி 1795இல் காப்புரிமை பெற்றவர் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா. பெரும் தலைவலியாக இருந்தது கசிவு. அழுத்தம் ஏற ஏறப் பிஸ்டனின் ஓரமாகத் தண்ணீர் பீறிட்டது. கிண்ணம் போல் வளைத்த தோல் வளையம் ஒன்று அதைத் தீர்த்தது. உள்ளே அழுத்தம் கூடக் கூடத் தோல் விரிந்து இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்! பிராமாவிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லேயின் யோசனை அது என்பர். இன்று தோலுக்குப் பதில் ரப்பர், பிளாஸ்டிக் வளையங்கள். கசிவு மிகவும் குறைந்திருக்கிறது. ஆனால் வளையம் தேயும், வால்வில் தூசி சிக்கும். எனவே கசிவே இராது என்று எவரும் உறுதி கூற முடியாது.

நமது தூக்கியில் மேடை 1.6 மீட்டர் உயர உருளைக்குள் எவ்வளவு எண்ணெய் போயிருக்கும்? 20 × 160 = 3,200 கன செ.மீ. மூன்று லிட்டர் சொச்சம்! இந்தச் சிறிதளவு எண்ணெய்தான் இரண்டு டன் சுமையைத் தாங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பம்பின் வால்வில் ஒரு தூசி. அதனால் நிமிடத்துக்கு ஒரே ஒரு சொட்டு எண்ணெய் தொட்டிக்குத் திரும்புகிறது. தரையில் ஒரு துளிகூடச் சிந்தாது, கண்ணுக்கும் தெரியாது. ஒரு சொட்டு சுமார் 0.05 கன செ.மீ. மணிக்கு 3 கன செ.மீ.; ஒரு நாளைக்கு 72. இதை 20ஆல் வகுத்தால், மேடை நாளொன்றுக்கு 3.6 செ.மீ. இறங்கும். நாம் விட்ட இடைவெளி 15 செ.மீ.தானே! வீட்டுக்காரர் வெளியூர் போய் ஐந்தாம் நாள் திரும்பினால், மேல் மேடை கீழ்க் காரின் கூரையில் உட்கார்ந்திருக்கும். கசிவே இல்லாவிட்டாலும், இரவில் ஷெட்டின் வெப்பநிலை 20 டிகிரி குறைந்தால் எண்ணெய் சுருங்கி மேடை 2 செ.மீ. தாழ்ந்துவிடும்.

ஆகவே எண்ணெயை நம்பிக் காரை மேலே விடுவதில்லை. எண்ணெயின் பணி தூக்குவது, தாங்குவது வேறொன்று.

நமது ஊர்த் தேரை நினைத்துப் பாருங்கள். இழுக்க நூற்றுக்கணக்கானவர்கள் வேண்டும். நின்ற தேர் நகராமலிருக்கச் சக்கரத்தடியில் ஒரு முட்டுக்கட்டை போதும். தூக்கியிலும் அதே ஏற்பாடுதான். ஒவ்வொரு தூணிலும் மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய 10 செ.மீ.க்கு ஒன்றாகப் படிகள் வெட்டியிருக்கும். மேடையின் நான்கு மூலைகளிலும் எஃகு நாக்குகள் உண்டு. மேடை ஏறும்போது நாக்கு ஒவ்வொரு படியையும் தாண்டி ‘கிளிக், கிளிக்’ என்று விழும். மேலே போகலாம், கீழே வர நாக்கு விடாது. வேண்டிய உயரத்தைத் தாண்டியதும் மோட்டாரை நிறுத்திவிட்டு, வால்வைச் சற்றே திறந்து மேடையை இரண்டு மூன்று செ.மீ. இறக்குவார்கள். நான்கு நாக்குகளும் படிகளில் அமர்ந்துவிடும். இப்போது சுமை எண்ணெயிலும் இல்லை, வடத்திலும் இல்லை. எஃகின் மேல் எஃகாக நிற்கிறது. நகராத பொருளின் மேல் விசை வேலை செய்வதில்லை என்று படித்திருக்கிறீர்களே, அதுதான் இது. மேசை புத்தகத்தைத் தாங்க மின்சாரமா கேட்கிறது?

ஏறிக்கொண்டிருக்கும்போதே வடம் அறுந்தால்? அதற்கும் வழி உண்டு. அதன் தத்துவம் மிகப் பழையது. 1854இல் நியூயார்க்கின் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில் எலிஷா ஓட்டிஸ் என்பவர் கயிற்றில் தொங்கும் மேடை ஒன்றில் ஏறி நின்று, கயிற்றை வெட்டச் சொன்னார். கூட்டம் திகைத்தது. மேடை சிறிதளவே இறங்கி நின்றுவிட்டது! மேடையின் தலையில் வண்டிகளுக்குப் போடும் வில்பட்டை ஒன்றை அவர் பொருத்தியிருந்தார். கயிறு இறுக்கமாக இருக்கும்வரை பட்டை வளைந்திருக்கும். கயிறு அறுந்ததும் அது நிமிர்ந்து, இருபுறமும் உள்ள பற்களில் மாட்டிக்கொள்ளும். கார்த் தூக்கியிலும் வடத்தின் இறுக்கமே இன்னொரு நாக்கைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருக்கிறது. வடம் தளர்ந்தால் சுருள்வில் அந்த நாக்கை முன்னே தள்ளும். ஆபத்து வரும்போது விழித்தெழுந்து செயல்படும் கருவியைவிட, ஆபத்தே இயக்கிவிடும் இத்தகைய கருவியே மேலானது என்பது என் கருத்து.

தரையை மறந்துவிடக் கூடாது. கார், மேடை, தூண்கள் எல்லாம் சேர்ந்து 2,200 கிலோகிராம் என்றால் சராசரியாக ஒரு தூணுக்கு 550. எஞ்சின் உள்ள பக்கம் கனம் கூடுதல் என்பதால் முன் தூண்கள் 700 கிலோகிராம்வரை தாங்க நேரலாம். தூணின் அடித்தகடு 25 செ.மீ. சதுரமாக இருந்தால் சதுர செ.மீ.க்கு ஒரு கிலோகிராம் சொச்சம்தான். நல்ல கான்கிரீட் 200 கிலோகிராமுக்கு மேல் தாங்கும், நசுங்காது. பயம் வேறிடத்தில் இருக்கிறது. தளத்தின் அடியில் நிரப்பிய மண் காலப்போக்கில் அமுங்கி, அங்கே பொந்து விழுந்திருக்கலாம். அப்போது தளம் பாலம் போல் வளையும். அதன் அடிப்பக்கம் இழுபடும். இழுவிசையைத் தாங்கும் வலிமை கான்கிரீட்டுக்கு அழுத்தத்தைத் தாங்கும் வலிமையில் பத்தில் ஒரு பங்கே. தளம் விரிந்தால் தூண் சாயும். ஆகவேதான் தளம் குறைந்தது 10 செ.மீ. கனமாவது இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள், துளையிட்டு அளக்கிறார்கள். மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவது போல, சுத்தியலால் தட்டிப் பொள்ளல் ஓசை வருகிறதா என்றும் பார்ப்பதுண்டு.

எடையிலும் எச்சரிக்கை வேண்டும். வீட்டுத் தூக்கிகள் பல 3,600 கிலோகிராம் அளவுக்கே செய்யப்படுகின்றன. பேட்டரியைச் சுமக்கும் மின்சார வண்டிகள் கனமானவை. 2020களில் வந்த மின்சார ஹம்மர் நான்கு டன்னுக்கும் மேல்! அதை இதில் ஏற்றக் கூடாது. மேல் கார் எண்ணெய் சொட்டினால் கீழ்க் காரின் மேல் விழும் என்பதால் தட்டு வைப்பதும் உண்டு. அது சிறு தொல்லை.

இறக்குவது எப்படி? முதலில் ஏற்ற வேண்டும்! வியப்பாக இருக்கிறதா? நாக்குகளின் மேல் முழுச் சுமையும் இருக்கும்போது அவற்றை அசைக்க முடியாது. கீழ்க் காரை வெளியே எடுத்துவிட்டு, மோட்டாரை ஓட்டி மேடையைச் சில செ.மீ. உயர்த்தி, பிறகு கைப்பிடியை இழுத்து நாக்குகளைப் பின்வாங்கச் செய்ய வேண்டும். மின்சாரம் இல்லாத நேரத்தில் கார் மாடியிலேயே இருக்க வேண்டியதுதான். நான்கில் ஒரு நாக்கு மட்டும் மாட்டிக்கொண்டால் அந்த மூலை நின்றுவிடும், மற்ற மூன்றும் இறங்கும், கார் சாயும். அதனால் நான்கு மூலைகளையும் கண்ணால் பார்த்த பிறகே வால்வைத் திறக்க வேண்டும். அடியில் ஒருவரும் இருக்கக் கூடாது.

இறங்கும்போது மோட்டாருக்கு வேலை இல்லை. காரின் எடையே எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பித் தள்ளுகிறது. சிறு துளை ஒன்றின் வழியே எண்ணெய் நெருக்கியடித்துப் போவதால் மேடை மெதுவாகவே இறங்கும். நாம் ஏற்றியபோது கொடுத்த 32,000 ஜூல் என்ன ஆயிற்று? அந்தத் துளையில் உரசிய எண்ணெயில் வெப்பமாகியிருக்கிறது. முழுவதும் எண்ணெயிலேயே தங்கினாலும், அந்த மூன்று லிட்டர் சொச்சத்தின் சூடு 6 டிகிரி செல்சியஸ்தான் கூடியிருக்கும்.