கணினியின் மறைகாவலன்

நாம் கட்டுரையொன்றை எழுதிக்கொண்டிருக்கையில், மென்பொருள் யாதொரு முன்னறிவிப்புமின்றித் திரையினின்று மறைந்துபோதல் பலரும் கண்டதே. அது வீழ்ந்த காரணம் யாது? எழுதியவற்றுள் எஞ்சியது எவ்வளவு? இவ்வையங்களுடன் பயனாளர் திகைத்து நிற்பர். வீழ்ச்சியை அவருக்கு உரைத்தற்பொருட்டுத் திரைக்குப் பின்னே விழித்திருக்கும் நிரலொன்றை அமைத்தல் கூடும். அத்தகைய நிரலை 'டீமன்' என்பர். 1963 ஆம் ஆண்டில் மசாச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தின் 'மக்' என்னும் ஆய்வுத் திட்டத்தினர் இப்பெயரை வழங்கினர். வெப்பவியக்கவியலில் மூலக்கூறுகளைத் தரம்பிரிப்பதாக மக்ஸ்வெல் கற்பித்த பூதமே இதற்கு மூலமாகும். ஆதலின் இது தீங்கிழைக்கும் பேயன்று. ஓயாது பணிசெய்யும் பூதமே.

லினக்ஸ் முறைமையில் இதன் அமைப்பை நோக்குவாம். ஒரு செயன்முறை தனக்குரித்தல்லாத நினைவகப் பகுதியைத் தீண்டின், முறைமையின் கருவானது 11 ஆம் எண்ணுடைய சைகையை அதற்கு விடுக்கும். அச்சைகைக்கு மாற்று ஏற்பாடு செய்துகொள்ளாத செயன்முறை அவ்விடத்தே வீழும். அப்பொழுது அதன் நினைவகத்தின் படியைக் கரு எடுத்தல் கூடும். 'கோர் பற்றேண்' என்னும் அமைப்பின் முதற்குறி நிலைக்குத்துக் கோடாயின், கரு அப்படியைக் கோப்பாக எழுதாது, அங்குக் குறிக்கப்பட்ட நிரலை எழுப்பி அதனிடம் ஒப்புவிக்கும். 2006 இல் உபுண்டுவில் இடம்பெற்ற 'அப்போர்ட்' வீழ்ச்சி அறிக்கைகளைத் திரட்டும் நிரல்களுள் ஒன்றாகும்.

ஈண்டு ஒரு சிக்கல் தோன்றும். கரு எழுப்பிய நிரல் உயர்ந்த அதிகாரம் உடையதாயினும் பயனாளரின் திரையோடு தொடர்பற்றது. ஆதலின் பணியை இரண்டாகப் பகுத்தல் நன்று. முதலாவது நிரல் வீழ்ச்சியை ஆராய்ந்து, அறிக்கையை ஒரு கோப்புறையில் வைக்கும். இரண்டாவது, பயனாளருக்குரிய அதிகாரத்துடன் மட்டும் இயங்கி, புதிய அறிக்கை வந்ததும் திரையிற் செய்தி காட்டும். அது கோப்புறையை நொடிதோறும் சென்று பார்த்தல் வீண்செலவு. மாற்றத்தைக் கருவே உணர்த்தும் 'ஐநோட்டிபை' என்னும் வசதியைக் கைக்கொள்ளின், செய்தி வருந்துணையும் அது உறங்கியிருக்கலாம். ஒரே மென்பொருள் மீண்டும் மீண்டும் எழுந்து வீழுமாயின், ஒருமுறை அறிவித்து அமைதல் வேண்டும். இன்றேல் அறிவிப்பே தொல்லையாகும்.

யாவற்றினும் முதன்மையானது பிறிதொன்றுண்டு. நினைவகப் படியில் கடவுச்சொற்களும் அந்தரங்கக் கடிதங்களும் கலந்திருத்தல் இயல்பு. எனவே உரியவரன்றிப் பிறர் அதனைப் படிக்கவொண்ணாதவாறு காத்தலும், உரியவர் இசைந்தாலன்றி வெளியே அனுப்பாதிருத்தலும் இன்றியமையாதன. வீழ்ச்சியை உரைத்தல் காவலன் கடன்; வீட்டாரின் மறைபொருளை ஊரறியச் செய்தல் அவன் கடனன்று.