ஒரே அச்சில் அடங்காத மூக்கு

"மூக்கும் முழியுமா இருக்கா" என்கிறோம். எந்த மாதிரி மூக்கு என்று யாரும் கேட்பதில்லை. மேலை நாட்டு அழகு அறுவை மருத்துவமோ வெகுகாலம் அதற்கு ஒரே விடையைக் கையில் வைத்திருந்தது: வட ஐரோப்பியரின் நேரான, ஒடுங்கிய மூக்கு.

கேலியில் தொடங்கிய கதை

1887-இல் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் மருத்துவர் ஜான் ஆர்லாண்டோ ரோ, குட்டையாக மேல்நோக்கி நிற்கும் மூக்கைத் திருத்தும் முறையை வெளியிட்டார். அன்றைய அமெரிக்காவில் அது அயர்லாந்துக் குடியேறிகளின் மூக்கென்று கேலி செய்யப்பட்டது. பெர்லினில் மருத்துவர் ழாக் ஜோசப், 1896-இல் ஒரு சிறுவனின் பெரிய காதுகளைத் திருத்தியதற்காக வேலையை இழந்தவர். யூதரான அவர் 1898-இல், தன் பெரிய மூக்கால் வெளியே தலைகாட்டக் கூசிய ஒருவருக்கு அதைச் சிறிதாக்கினார். கேலி செய்தவர்களுக்கு வைத்தியம் இல்லை. கேலிக்கு ஆளானவர்கள்தான் கத்திக்குக் கீழே படுத்தார்கள்.

வெட்டுவதா, கட்டுவதா?

எலும்பையும் குருத்தெலும்பையும் செதுக்கிக் குறைக்கும் அந்தப் பழைய முறை, மெல்லிய தோலுள்ள மூக்குக்கு ஓரளவு பொருந்தியது. ஆப்பிரிக்க, கிழக்காசிய வம்சாவளியினர் பலருக்குத் தோல் தடிப்பு, நுனிக் குருத்தெலும்பு மெலிவு, மூக்குத்தண்டு தாழ்வு. கனத்த கம்பளியைப் போர்த்திய நாற்காலியின் விளிம்பு வெளியே தெரியாது அல்லவா? அப்படித்தான், தடித்த தோலுக்கு அடியில் எவ்வளவு செதுக்கினாலும் மேலே தெரிவதில்லை. தாங்கலும் போய், நுனி உருண்டு தொங்கிவிடும். மூச்சுப் பாதையும் குறுகலாம்.

அதனால் இன்றைய மருத்துவர்கள் இத்தகைய மூக்கில் பெரும்பாலும் கட்டவே செய்கிறார்கள். மூக்கின் நடுச்சுவரிலிருந்தும் காதிலிருந்தும் குருத்தெலும்பு எடுப்பார்கள். போதாவிட்டால் விலாவிலிருந்து. விலாக் குருத்தெலும்புக்கு ஒரு குறும்புக் குணம் உண்டு: செதுக்கியபின் வளையும். ஆகவே செதுக்கிய துண்டுகளை உப்புநீரில் சிறிது நேரம் போட்டு, எது எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்த பிறகே பொருத்துவார்கள்.

சியோலும் டெஹ்ரானும்

தென் கொரியாவில் மூக்குத்தண்டை உயர்த்தச் சிலிக்கோன் வைப்பது பழக்கம். எளிது, விரைவு. ஆனால் பல ஆண்டுகள் கழித்தும் நுனித்தோல் சிவந்து மெலிந்து, சிலிக்கோன் வெளியே தலைநீட்டக்கூடும். சிவப்பு தெரிந்தவுடன் மருத்துவரிடம் போகாவிட்டால் தோலே சேதமாகும்.

ஈரானில் குறை நேர்மாறு: தண்டில் உயர்ந்த திமில், சிரித்தால் கீழிறங்கும் நுனி. டெஹ்ரான் தெருக்களில் மூக்கில் ஒட்டுப்பட்டியுடன் ஆண்களும் பெண்களும் மறைக்காமல் நடமாடுகிறார்கள். திமிலை முழுதாக வழித்தெடுத்தால் அந்த முகத்துக்கு ஒட்டாத மூக்கு வந்து உட்காரும். கொஞ்சம் விட்டுவைப்பதே கைத்திறன்.

கத்திக்கு முன்

காது குத்திய இடத்தில் தழும்பு புடைத்து வளர்ந்ததா? கருமையான தோலுள்ளவர்களுக்குக் கீலாய்டு எனப்படும் அத்தகைய தழும்பு வர வாய்ப்பு அதிகம் என்பதால், நாசி ஓரங்களை வெட்டிச் சுருக்கும் முன் மருத்துவர் இதைக் கேட்டாக வேண்டும். புகைபிடிப்பவர் நிறுத்த வேண்டும். ஆஸ்பிரின் சாப்பிடுபவர் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கண்ணாடி முன் மணிக்கணக்கில் நின்று, பிறர் கண்ணுக்குத் தெரியாத குறையைத் தேடுபவரை மனநல மருத்துவரிடம் அனுப்புவதே முறை.

மேல்கட்டை ஒரு வாரத்தில் கழற்றிவிடுவார்கள். தடித்த தோலில் நுனி வீக்கம் வடிய ஓராண்டுக்கு மேலாகும். அதற்குள் மறு அறுவை கேட்டு வருபவர்களைப் பெரும்பாலான மருத்துவர்கள் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.