வீட்டுச் சேமிப்பகம் ஏன் மெதுவாகிறது?

(தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஈப்போவிலிருந்து ஒரு நேயர் நமக்கு எழுதியிருந்தார். வீட்டில் ஒரு கணினியில் நான்கு ஹார்ட் டிஸ்க்குகளைப் பொருத்தி, குடும்பப் படங்கள், பிள்ளைகளின் பாடங்கள், தம் சிறு வியாபாரத்தின் கணக்குகள் எல்லாவற்றையும் அதில் சேர்த்து வைத்திருக்கிறார். "தொடக்கத்தில் நன்றாகத்தான் ஓடியது. இப்போது 60 கிகாபைட் திருமணக் காணொளியை ஏற்ற ஒன்றரை மணி நேரம் ஆகிறது. டிஸ்க்குகளை மாற்றிவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

இப்போதைக்கு மாற்றாதீர்கள் ஐயா. எங்கே தாமதம் என்று தெரியாமல் டிஸ்க் வாங்குவது, காய்ச்சல் எதனால் என்று தெரியாமல் மருந்து வாங்குவதைப் போன்றது.

இந்த நேயரின் கணினி வெறும் சேமிப்பகம் மட்டுமல்ல. அதற்குள் பல மெய்நிகர் கணினிகள் இருக்கின்றன. நம்மூர்க் கடைவீட்டை நினைத்துப் பாருங்கள். கீழே மளிகைக் கடை, மேலே தையற்கடை, பின்னால் ஓர் அறையில் ஒரு குடும்பம். கட்டடம் ஒன்று, குடியிருப்போர் பலர், ஏறி இறங்கப் படிக்கட்டு ஒன்றுதான். புரொக்ஸ்மொக்ஸ், விஎம்வேர் போன்ற மென்பொருள்கள்தாம் இந்தக் கடைவீட்டின் சொந்தக்காரர். அதில் ஓர் அறையில் டுரூநாஸ் போன்ற சேமிப்பக மென்பொருள் குடியிருக்கிறது (2020 வரை இதனை ஃபிரீநாஸ் என்று அழைத்தோம்). இன்னோர் அறையில் கணக்கு மென்பொருள். ஒரே மின்கட்டணத்தில் எல்லாம் நடக்கிறது. ஆனால் மெதுவாகிவிட்டால், எந்த அறையில் கோளாறு, எந்தப் படியில் நெரிசல் என்று கண்டுபிடிப்பதுதான் சிரமம்.

ஒவ்வொரு படியாகத் தனித்தனியே அளந்து பார்ப்பதுதான் வழி. நேயர் கொடுத்த கணக்கே பாதி உண்மையைச் சொல்லிவிடுகிறது. 60 கிகாபைட்டுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 11 மெகாபைட். இந்த எண்ணைப் பார்த்தவுடன் டிஸ்க்கை விட்டுவிட்டுக் கேபிளைப் பார்க்க வேண்டும். காரணம், 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பு தரக்கூடியது அவ்வளவுதான். 1000 மெகாபிட், அதாவது கிகாபிட் இணைப்புக்குக் கேபிளுக்குள் இருக்கும் எட்டு கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நான்கே போதும். எலி கடித்தோ, கதவிடுக்கில் நசுங்கியோ ஒரு கம்பி அறுந்தால், பல வேளைகளில் இணைப்பு அறவே நின்றுவிடுவதில்லை. சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். நமக்கோ இணையம் வருகிறது, படம் தெரிகிறது, எல்லாம் சரி என்ற எண்ணம்.

இதனை உறுதி செய்ய ஐபெர்ஃப்3 என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அது எந்த டிஸ்க்கையும் தொடாமல் இரண்டு கணினிகளுக்கிடையே வெறும் தரவை அனுப்பிப் பார்க்கும். சரக்கு ஏற்றாத லாரியை ஓட்டிச் சாலையை மட்டும் சோதிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 940 மெகாபிட் என்று காட்டினால் சாலை நன்றாக இருக்கிறது. 94 என்று காட்டினால் கேபிள், சுவிட்ச், சுவரில் உள்ள பிளக் ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வினாடிக்கு 110 மெகாபைட் கிடைத்தும் "மெதுவாக இருக்கிறது" என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. கிகாபிட் இணைப்பின் எல்லையே அதுதான். அதற்கு மேல் எத்தனை ஆயிரம் ரிங்கிட் செலவழித்து டிஸ்க் வாங்கினாலும் பயனில்லை.

மெய்நிகர் கணினிக்கு இருப்பதோ பாவனை நெட்வொர்க் அட்டை. அமைக்கும்போது இன்டெலின் பழைய ஈ1000 அட்டையைப் போல நடிக்கும் வகையைத் தேர்ந்தெடுத்திருந்தால், அந்த நடிப்புக்கே செயலியின் உழைப்பு போய்விடும். புரொக்ஸ்மொக்ஸில் விர்ட்டையோ, விஎம்வேரில் விஎம்எக்ஸ்நெட்3 என்று மாற்றிக்கொள்ளலாம். இரண்டு நிமிட வேலை. நினைவகத்தையும் ஒரு பார்வை பாருங்கள். இருப்பது 16 கிகாபைட், எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுத்தது 24 என்றால், இல்லாததை டிஸ்க்கிலிருந்துதான் இரவல் வாங்கும். பிறகு எல்லாமே மெதுவாகும்.

சாலை சரி. அப்படியும் காணொளி முதல் சில வினாடிகள் 110-இல் பறந்துவிட்டுப் பிறகு 20-க்கு விழுகிறது என்றால், இப்போதுதான் டிஸ்க்கின் முறை. தொடக்க வேகம் நினைவகம் வாங்கிக்கொள்கிற வேகம். பின்னால் தெரிவது டிஸ்க் எழுதுகிற வேகம்.

டிஸ்க்கைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் தட்டு, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி எடுக்கிறது. வேண்டிய இடம் ஊசியின் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லிவினாடி. ஊசி நகர இன்னும் 8 அல்லது 9. ஆக, இங்கொன்றும் அங்கொன்றுமாக எழுதினால் வினாடிக்கு 80 முறைதான் எழுத முடியும். ஒவ்வொரு முறையும் 4 கிலோபைட் என்றால் அரை மெகாபைட்கூடத் தேறாது. அதே டிஸ்க் ஒரு பெரிய காணொளியை வரிசையாக எழுதும்போது 150-க்கு மேல் போகும். கணக்கு மென்பொருள் திணறுவதும் காணொளி ஓடுவதும் ஒரே டிஸ்க்கில் நடப்பது இதனால்தான். நான்கு டிஸ்க்கை ஒரே ரெய்ட்-இசட் தொகுப்பாகக் கட்டினாலும் இந்தச் சில்லறை வேலையில் அது ஏறக்குறைய ஒரு டிஸ்க்கின் வேகத்தையே தரும். இரண்டிரண்டாகப் பிரதி வைத்துக் கட்டினால் எழுதுவது இரு மடங்காகும். இடம்தான் குறையும்.

டிஸ்க்கின் வகையும் முக்கியம். கூரை ஓடுகளைப் போல ஒரு தடத்தின்மேல் இன்னொன்று படியும்படி எழுதும் எஸ்எம்ஆர் வகை டிஸ்க்குகள் இருக்கின்றன. ஓரிடத்தைத் திருத்தப் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டிவரும். சேமிப்பகங்களுக்கென்றே விற்கப்பட்ட தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில டிஸ்க்குகள் இந்த வகைதான் என்பதை வெஸ்டர்ன் டிஜிட்டல் 2020 ஏப்ரலில் ஒப்புக்கொண்டு பட்டியல் வெளியிட்டது. மாடல் எண்ணைப் பார்க்காமல் வாங்கக்கூடாது.

வெறும் பூச்சியங்களை எழுதி வேகம் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இசட்எஃப்எஸ் கோப்பு முறை பூச்சியங்களைச் சுருக்கி ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். வினாடிக்கு 2 கிகாபைட் என்று காட்டும், நீங்களும் மகிழ்ந்துபோவீர்கள். எஃப்ஐஓ என்ற மென்பொருளைக் கொண்டு அளப்பதே முறை.

இனி நான் சொல்லப்போவது என் சொந்த அனுபவம். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. வீட்டோடு இருந்த அந்த மாதங்களில், அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தோட்டத்துப் பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினேன். லயத்து வாசலில் நிற்பவர் யார், கிராணியின் பக்கத்தில் இருக்கும் பிள்ளை யாருடையது என்று அம்மா சொல்லச் சொல்லப் பட அட்டவணையில் பதிந்தேன். ஒரு பெயரைப் பதிய மூன்று வினாடி பிடித்தது. அதற்குள் அம்மா அடுத்த ஆளுக்குப் போய்விடுவார், அல்லது சொல்ல வந்ததை மறந்துவிடுவார்.

பொறுமை இழந்து அமைப்புகளைத் தேடினேன். டிஸ்க் அமைப்பில் ரைட்பேக், அன்சேஃப் என்று ஒரு தேர்வு இருந்தது. அன்சேஃப் என்றால் பாதுகாப்பற்றது. பெயரிலேயே எச்சரிக்கை இருந்தும் அழுத்தினேன். பறந்தது! பெயர் சொல்லி முடிக்குமுன் பதிந்துவிட்டது.

நடந்தது என்னவென்றால், "டிஸ்க்கில் எழுதிவிட்டாயா?" என்று சேமிப்பகம் கேட்கும்போதெல்லாம், வீட்டுச் சொந்தக்காரரான மென்பொருள் எழுதாமலேயே "எழுதிவிட்டேன்" என்று சொல்லத் தொடங்கியது. உண்மையில் எல்லாம் மின்சாரம் உள்ளவரைதான் நிற்கும் நினைவகத்தில் கிடந்தது. இசட்எஃப்எஸ் எழுதும் வரிசையை நம்பி இயங்குவது. முன்னது பின்னதாக எழுதப்பட்டால் அதனால் தாங்க முடியாது. ஒரு மாலை இடி விழுந்து மின்சாரம் போனது. திரும்பி வந்தபோது சேமிப்பகம் திறக்கவே இல்லை. முந்திய நிலைக்குத் திருப்பும் கட்டளைகளும் பலிக்கவில்லை. படங்களுக்கு வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி இருந்தது. பெயர்களுக்கு இல்லை. மறுபடியும் அம்மாவோடு உட்கார்ந்தேன். முதல் முறை தயங்காமல் சொன்ன பல முகங்களுக்கு, இரண்டாம் முறை "யாரென்று தெரியலையேப்பா" என்றார்.

ஆகவே நேயர்களே, ஓர் அமைப்பை மாற்றியவுடன் பத்து மடங்கு வேகம் வந்தால், எதை விட்டுக்கொடுத்தோம் என்று பாருங்கள். சேமிப்பகத்துக்குள்ளேயே சிங்க் என்பதை நிறுத்தும் அமைப்பும் இந்த இனம்தான். கொஞ்சம் சாது. வழக்கமாகக் கடைசிச் சில வினாடிகளின் எழுத்துதான் போகும், தொகுப்பு உடையாது. காணொளிக்குப் பரவாயில்லை, கணக்கு ஏட்டுக்கு ஆகாது. டிஸ்க்குகள் செருகியிருக்கும் கட்டுப்பாட்டு அட்டையை முழுதாகச் சேமிப்பகத்தின் கையிலேயே ஒப்படைப்பது நல்லது. இதற்குப் பாஸ்த்ரூ என்று பெயர். இன்டெல் கணினியாக இருந்தால் பயோஸில் விடி-டி வசதி இயங்க வேண்டும். இடையில் பொய் சொல்ல ஆளிருக்காது, டிஸ்க்கின் உடல்நிலையும் நேராகத் தெரியும்.

ஈப்போ நேயருக்கு இந்தச் சோதனைகளை எழுதி அனுப்பியிருந்தேன். ஐபெர்ஃப்3 அவருக்கு 94 காட்டியிருக்கிறது. அலமாரிக்குப் பின்னால் நசுங்கிய கேபிளை மாற்றியதும் 940. அந்தக் காணொளி இப்போது பத்து நிமிடத்திற்குள் ஏறிவிடுகிறதாம். கணக்கு மென்பொருள் மட்டும் இன்னும் திணறுகிறது. அது சில்லறை எழுத்து. அதற்கு இரண்டு சிறிய எஸ்எஸ்டிகளை ஒன்றுக்கொன்று பிரதியாக வைத்து, கணக்கை அங்கே மாற்றிவிடலாம் ஐயா. வாங்கும்போது, மின்சாரம் போனால் கையிலிருப்பதை எழுதி முடிக்கும் மின்தேக்கி உள்ள வகையா என்று கடையில் கேளுங்கள். மலிவானவற்றில் பெரும்பாலும் இருக்காது. ஒரு யூபிஎஸ் பெட்டியையும் அப்படியே வாங்கிவிடுங்கள், உங்கள் ஊரில் மழைக்குக் குறைவில்லை.