மகள் பெரியவளாவதைத் தள்ளிப்போடும் ஈயம்!

'பதினாலு முடியப்போகுது... இன்னும் பெரியவளாகலையே!' பாட்டியோ அத்தையோ இப்படி ஆரம்பித்தால் அம்மாவுக்கு அடிவயிறு கலங்கும். பரம்பரை, சத்துக்குறைவு, தைராய்டு என்று காரணங்கள் பல. அதிகம் பேசப்படாத இன்னொன்று, ஈயம்.

உடனே, 'ஐயோ, ரசம் வைக்கிற ஈயச்சொம்பா?' என்று பதறாதீர்கள். ஈயச்சொம்பு செய்வது வெள்ளீயத்தில். விஷம் என்பது காரீயம். அது வேறு உலோகம். இரண்டையும் 'ஈயம்' என்றே சொல்லிப் பழகியதுதான் குழப்பம்! ஆனால் வெள்ளீயத்தில் காரீயம் கலந்திருந்தால் ஆபத்து. புளிப்பு அதைக் கரைத்து ரசத்தில் இறக்கிவிடும். நம்பகமான கடையில், சுத்த வெள்ளீயமா என்று கேட்டு வாங்குங்கள்.

அமெரிக்காவில் 1988-லிருந்து 1994 வரை நடந்த உடல்நலக் கணக்கெடுப்பில், 8 முதல் 18 வயது வரையிலான 2,186 பெண்களின் விவரங்களை ஆராய்ந்து 2003-ல் வெளியிட்டார்கள். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 1 மைக்ரோகிராம் காரீயம் இருந்தவர்களைவிட, 3 மைக்ரோகிராம் இருந்த கறுப்பினச் சிறுமிகளுக்கு மார்பக வளர்ச்சி சில மாதங்கள் பின்தங்கியது. முதல் மாதவிலக்கும் சுமார் மூன்றரை மாதம் தள்ளிப்போனது. மெக்சிகோ வம்சாவளிச் சிறுமிகளிடமும் வளர்ச்சியில் தாமதம் இருந்தது. வெள்ளையினச் சிறுமிகளிடம் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. 'மூணு மாசம்தானே' என்கிறீர்களா? அப்போது அங்கே கவலைப்பட வேண்டிய அளவு என்று வைத்திருந்ததே 10 மைக்ரோகிராம்!

பருவமடைய, மூளையிலிருந்து பிட்யூட்டரிக்கும் அங்கிருந்து சினைப்பைக்கும் உத்தரவு போகவேண்டும். காரீயம் இந்த ஹார்மோன்களைக் குறைப்பது எலிகளிடம் செய்த சோதனைகளில் தெரிந்தது.

இன்னொரு சங்கடம். காரீயத்தைக் கால்சியம்போல உடம்பு எலும்பில் சேர்த்துவைக்கிறது, அதுவும் பல வருடங்களுக்கு! அந்தப் பெண் கர்ப்பமாகும்போது எலும்பு கால்சியத்தை விட, கூடவே காரீயமும் கிளம்பி நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகிறது.

வீட்டில் எங்கே பார்ப்பது? பெயின்டில் காரீயத்துக்கு 90 பிபிஎம் என்ற உச்சவரம்பு இந்தியாவில் 2017-ல்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்டைச் சுரண்டும்போது பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுங்கள். பேர் தெரியாத கண்மை, செந்தூரம் வேண்டாம். பேட்டரி வேலை பார்க்கிறவர் உடை மாற்றிக் குளித்த பிறகே குழந்தையைத் தூக்கட்டும். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த உடம்பு காரீயத்தை அதிகமாக உறிஞ்சும். கேழ்வரகு, கீரை, பால் தவறாமல் கொடுங்கள்.

13 வயதாகியும் மார்பக வளர்ச்சியே தொடங்கவில்லை, 15 ஆகியும் மாதவிலக்கு வரவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டில் இந்தச் சந்தேகங்கள் ஏதாவது இருந்தால், ரத்தத்தில் காரீய அளவையும் பார்க்கலாமா என்று கேளுங்கள்.