விளக்கு மங்கினால் பாட்டரிதான் காரணமா?

கல்வராயன் மலைக்குச் சரக்கு ஏற்றும் நம் வியாபாரிகள் பலரிடம் இன்றும் பழைய டீசல் வண்டிதான். 2023 மாசியில் எங்கள் மண்டி வண்டி வெள்ளிமலையில் புளி ஏற்றி இறங்கியபோது, கச்சிராயபாளையம் வருவதற்குள் விளக்கு மஞ்சளாகி அணைந்தேவிட்டது. வளைவுகளில் கிளீனர் பையன் டார்ச் பிடித்து முன்னால் நடந்தான். மறுநாள் புது பாட்டரி வாங்கினோம். 20 நாளில் அதுவும் படுத்துவிட்டது.

பழைய டீசல் என்ஜின் ஓடத் தொடங்கிவிட்டால் அதற்கு மின்சாரம் பெரும்பாலும் தேவையில்லை. சார்ஜ் நின்றாலும் வண்டி ஓடும், பகலில் தெரியாது.

மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. என்ஜின் நின்றிருக்கையில் நல்ல பாட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் ஃபேன் பெல்ட், பூப்பூத்த டெர்மினல், எர்த் வயர் இவற்றைப் பார்த்த பிறகே டைனமோவைக் கழற்றச் சொல்லுங்கள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு; பல்பும் அடிக்கடி போகும். ஒரு பக்க விளக்கு மட்டும் மங்கினால் அந்த விளக்கின் எர்த்தைச் சுரண்டிப் பார்த்தால் போதும். என்ஜின் ஓடும்போதே பாட்டரி வயரைக் கழற்றிச் சோதிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. விடாதீர்கள், ஆல்டர்னேட்டர் டயோடு எரிந்துபோகும்.

எங்கள் வண்டியில் குற்றம் பெல்ட்டில்தான். மேலே பார்க்க நன்றாக இருந்தது. உட்புறம் கண்ணாடிபோல் வழவழத்து, விளக்குப் போட்டதும் வழுக்கியது. மலையேற்றத்தில் என்ஜின் சூடேறியதும் அதனால்தான். அதை நாங்கள் சுமை அதிகம் என்று விட்டுவிட்டோம். பெல்ட்டை மாற்றி, பாட்டரியை வெளியே சார்ஜ் போட்டதும் சரியாயிற்று.

இப்போது மலைக்குக் கிளம்பும் வண்டியில் மாற்று பெல்ட் ஒன்றும் ஸ்பானர் இரண்டும் சாக்கோடு சாக்காகப் போகின்றன.